பற்றாக்குறை அக்கா

எங்கள் நகராட்சிக்குக் கணக்கு அதிகாரியாக வருவதற்கு முன் அக்கா பன்னிரண்டு வருடம் பேருந்து நடத்துநராக இருந்தவர். நெரிசலில் பின்வாசலில் தொங்குகிறவரிடம் முன்வாசலில் நின்றபடியே சில்லறை கேட்டு வாங்கிய குரல் அவருடையது. அலுவலகத்துக்கு வந்த பிறகும் அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அடக்கம் என்பது அவரிடம் கடனாகக் கேட்டாலும் கிடைக்காது. வண்டி கடைசி நிறுத்தத்தில் நிற்கும்போதெல்லாம் பின்னிருக்கையில் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு படித்தவர். பொதுத்துறைக் கணக்கு என்ற ஒரு தாளில் மட்டும் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை அதே தாளில் முதலிடம் வாங்கினார். வேலைக்கு வந்த அன்றே இதை எங்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

நான் பக்கத்து அறையில், பொறியியல் பிரிவில் வரைபடம் போடுகிறவன். இரண்டு அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு உண்டு. அக்காவின் குரலுக்கு அது ஒரு தடுப்பே இல்லை. அதனால்தான் நடந்ததில் பெரும்பாலானதை என் நாற்காலியை விட்டு எழாமலே நான் தெரிந்துகொண்டேன்.

அவருடைய கணவர் கடைத்தெரு முனையில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். அவர் பேசுவது அபூர்வம். வீட்டில் பேச ஆள் இருப்பதால் கேட்பதோடு தான் நிறுத்திக்கொண்டதாகச் சொல்வார். நகராட்சித் தலைவர் உட்பட ஊரில் பாதித் தலை அவர் கைக்குத்தான் வரும்.

இனி படகுக்கு வருகிறேன். ஆறு எங்கள் ஊரை இரண்டாக வெட்டிக்கொண்டு ஓடுகிறது. மேல்நிலைப் பள்ளி, மருத்துவமனை, சந்தை எல்லாம் இக்கரையில். அக்கரையில் அறுநூறு வீடுகள். பாலம் கிடையாது. அக்கா வருவதற்கு முந்திய வருடம், மோட்டார் படகு வாங்க அரசாங்கம் நான்கு கோடி மானியம் கொடுத்தது. வெள்ளை உடம்பும் நீலக் கூரையுமாகப் படகும் வந்து சேர்ந்தது. அப்போது கணக்குப் பார்த்தவர் நான்கு கோடியையும் அந்த ஒரே வருடத்து வருமானமாக எழுதி வைத்துவிட்டு ஓய்வு பெற்றுப் போய்விட்டார். முப்பது வருடமாகப் பற்றாக்குறையிலேயே காலம் தள்ளிய நகராட்சிக்கு முதல்முறையாக உபரி, அதுவும் இரண்டு கோடியே எண்பது லட்சம்.

தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. அவர் கெட்டவர் இல்லை. மரக்கடையில் சுமை தூக்கி, பிறகு அந்தக் கடையையே வாங்கியவர். மழை பெய்தால் எங்கள் அலுவலகத்தில் வாளி வைக்காத அறை கிடையாது. இந்த உபரியைக் காட்டி வங்கியில் கடன் வாங்கி ஒரு புதுக் கட்டடம் கட்டிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். வங்கியும் தலையாட்டியது. வரைபடம் போட்டவன் நான்தான். முகப்பில் ஆறு தூண்கள் வைத்திருந்தேன்.

இந்த நேரத்தில்தான் அக்கா வந்து சேர்ந்தார். வந்ததும் மானிய உத்தரவைப் படித்தார். அது ஒன்றும் பூட்டி வைத்த காகிதம் இல்லை. தலைவர் அறைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். ஆனால் எல்லோரும் தொகையை மட்டுமே படித்திருந்தார்கள். அதற்குக் கீழே, படகுச் சேவை பத்து வருடம் நிற்காமல் நடக்க வேண்டும், பள்ளிப் பிள்ளைகளையும் நோயாளிகளையும் இலவசமாக ஏற்ற வேண்டும், நடுவில் நின்றால் மீதி வருடங்களுக்கான பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று தெளிவாகவே எழுதியிருந்தது.

அடுத்த மன்றக் கூட்டத்தில் அக்கா எழுந்து நின்றார். கட்டட வரைபடத்தோடு நானும் அங்கே ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

“தலைவரே, உபரின்னு சொல்றீங்களே, அந்தப் பணம் இப்ப எங்க இருக்கு?” என்று கேட்டார்.

“வங்கியிலதான்.”

“இல்ல. ஆத்துல மிதக்குது. நீலக் கூரை போட்டுக்கிட்டு.”

உறுப்பினர்கள் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. படகு வாங்கியதில் பணம் தீர்ந்தது சரி, வந்தது வருமானம்தானே, அதில் என்ன தப்பு என்று கேட்டார்.

“ஒருத்தர் மாசப் பாஸுக்கு முதல் தேதியே காசு குடுத்துடறாருன்னு வைங்க. காசு நம்ம பையில இருக்கு. ஆனா மாசம் பூரா அவரை ஏத்திட்டுப் போற கடமையும் நம்ம தலையில இருக்கு. பத்தாம் தேதி வண்டியை நிறுத்தினா மீதிக் காசைக் கேட்பாரா மாட்டாரா? இதுவும் அதேதான். படகு ஒரு வருஷம் ஓடியிருக்கு. பத்துல ஒரு பங்கு, நாப்பது லட்சம், நம்ம வருமானம். மீதி மூணு கோடியே அறுபது லட்சம், ஓட்டிக் கழிக்கிற வரைக்கும் அரசாங்கத்துக்கு நாம பட்டிருக்கிற கடன்.”

போன வருடக் கணக்கைத் திருத்தியே ஆக வேண்டும் என்றும், திருத்தினால் உபரி போய் எண்பது லட்சம் பற்றாக்குறை வரும் என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கூட்டம் அதற்கு மேல் நடக்கவில்லை. செய்தி வங்கிக்குப் போனது. வங்கி கடனை நிறுத்தி வைத்தது. என் ஆறு தூண்களும் சுருண்டு அலமாரிக்குள் போயின.

ஊருக்குக் கோபம் வந்தது. நன்றாக இருந்த நகராட்சியை ஒரே நாளில் கடன்காரனாக்கிவிட்ட பெண்பிள்ளை என்று பேசிக்கொண்டார்கள். டீக்கடையில் யாரோ ‘பற்றாக்குறை அக்கா’ என்று பெயர் வைக்க, சாயங்காலத்துக்குள் அது அக்கரை வரைக்கும் போய்விட்டது. கணவரின் கடையில் வந்து உட்காருகிறவர்கள், வீட்டிலும் பற்றாக்குறைதானா என்று அவரைச் சீண்டினார்கள். அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒருநாள் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருக்கும்போது சொன்னாராம்: “கத்தி கழுத்துல இருக்கறப்போ கொஞ்சம் யோசிச்சுப் பேசணும்ணே.” அதன் பிறகு கடையில் அந்தப் பேச்சு எழவில்லை.

தலைவர் அந்தக் கடைப் பக்கமே வருவதை நிறுத்திவிட்டார். வேறு கடைக்குப் போகவும் மனம் வரவில்லை போலிருக்கிறது. வாரங்கள் ஆக ஆக அவருடைய முடி காதை மூடிக்கொண்டு வளர்ந்தது.

அக்கா எதையும் காட்டிக்கொள்ளவில்லை. வழக்கம்போலக் கத்திப் பேசினார், வழக்கம்போலத் தன் மூன்றாம் முறைத் தேர்வைப் பற்றிச் சொன்னார். ஒரு பிற்பகல் மட்டும் தடுப்புக்கு அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தேன். டீ ஆடை கட்டிக் கிடந்தது. அக்கா சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உனக்கும் என்மேல கோபமாப்பா, தூணெல்லாம் போச்சேன்னு?” என்று கேட்டார்.

தூண்கள் எனக்கே பிடிக்கவில்லை, தலைவர் கேட்டார் என்றுதான் போட்டேன் என்றேன். அவர் சிரித்து, டீயை அப்படியே ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் பேனாவை எடுத்தார். அவரும் வருத்தப்படுகிறவர்தான் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அந்த வருடக் கணக்கை முடித்ததும் தணிக்கையாளர் வந்தார். ஒல்லியான, மரியாதையான மனிதர். சட்டைப்பையில் எப்போதும் பெப்பர்மின்ட் வைத்திருப்பார். பல வருடமாக எங்கள் கணக்கைப் பார்க்கிறவர் அவர்தான். ஒவ்வொரு வருடமும் அவருடைய அறிக்கை, ‘கீழ்க்கண்ட குறைகளைத் தவிர’ என்று தொடங்கி இரண்டு பக்கத்துக்குக் குறைகளை அடுக்கும். படகு விஷயத்தில் அக்கா செய்த திருத்தத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. இதைத்தான் எதிர்பார்த்தேன் என்றார். ஆனால் அதோடு நிற்கவில்லை. இந்த வருடம் நூலகத்துக்குப் புத்தகம் வாங்க வந்திருந்த அறுபது லட்சம் மானியத்தையும், பாதிக்கு மேல் இன்னும் செலவாகாததால், படகு மாதிரியே கடனாகத்தான் எழுத வேண்டும் என்றார். அப்படி எழுதினால் பற்றாக்குறை இன்னும் பெருக்கும்.

அக்காவின் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் எனக்குக் கேட்டது.

“சார், இதுக்குத்தான் செலவு பண்ணணும்னு சொல்றது வேற, பண்ணலைன்னா திருப்பிக் குடுன்னு சொல்றது வேற. படகுக்கு ரெண்டும் சொல்லியிருக்காங்க. புத்தகத்துக்கு முதலாவது மட்டும்தான். எந்த இடத்துல திருப்பிக் கேட்டிருக்காங்க, காட்டுங்க.”

எழுதாவிட்டாலும் நாளைக்குக் கேட்கலாம் இல்லையா, ஜாக்கிரதையாக இருப்பது நல்லதுதானே என்றார் அவர்.

“கேட்பாங்களோன்னு நாமளா பயந்துக்கிட்டு இல்லாத கடனை எழுத முடியாது சார். அது எங்க ஊருக்கு வந்த பணம். வந்த அன்னிக்கே எங்களுது. எங்களுது இல்லாததை எங்களுதுன்னு எழுத மாட்டேன். அதே மாதிரி எங்களுதுல ஒரு காசைக்கூட இன்னொருத்தருதுன்னு எழுத விட மாட்டேன்.”

குரல் தாழ்வாரம் வரைக்கும் போனது. போன குரல், அந்த நேரம் பார்த்து அங்கே நடந்துகொண்டிருந்த தலைவர் காதில் விழுந்தது. நான் என் கதவு வழியாகப் பார்த்தேன். காதை மூடியிருந்த முடியை ஒதுக்கிக்கொண்டு அவர் அப்படியே நின்றுவிட்டார். பற்றாக்குறை என்றால் இந்த அம்மாளுக்கு இனிக்கும் என்றுதான் அதுவரை அவர் நினைத்திருந்தார். இப்போது அதே அம்மாள் நகராட்சிக்காகத் தணிக்கையாளரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் தணிக்கையாளர் வந்ததும் தன் தலைமை அலுவலகத்தில் விசாரித்ததாகவும், அக்கா சொன்னதுதான் சரி என்றும் சொன்னார். அதைச் சொல்வதில் அவருக்குக் கூச்சமே இல்லை. ஒரு பெப்பர்மின்டை எடுத்து மேசைமேல் வைத்தார். அவர் போனதும் தலைவர் உள்ளே வந்தார்.

“நீங்க அந்தப் பக்கத்து ஆளுன்னு நினைச்சிட்டேம்மா,” என்றார்.

“உங்ககிட்டதானே சம்பளம் வாங்கறேன் தலைவரே. வேற எந்தப் பக்கம் போவேன்?”

தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். கட்டடம் இப்போதைக்கு வேண்டாம், கூரையை மட்டும் செப்பனிடுவோம் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே கணவரின் கடையில் போய் உட்கார்ந்தாராம். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். தரையில் விழுந்த முடியைக் கூட்டுவதற்குத்தான் நேரமானது என்று அக்காவிடம் கணவர் சொல்லியிருக்கிறார்.

மழைக்காலம் பிறந்தது. வெள்ளத்தில் மிதந்து வந்த ஒரு மரம் அடித்து, படகைத் தள்ளுகிற அடி விசிறி உடைந்தது. புதுசு வெளியூரிலிருந்து வர வேண்டும், வாரக்கணக்கில் ஆகும் என்றார் படகோட்டி. முன்பெல்லாம் நகராட்சியில் எது பழுதானாலும் ‘சேவை இல்லை’ என்று பலகை மாட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவோம். இந்த முறை தலைவரே மூச்சு வாங்க அக்காவின் அறைக்கு ஓடி வந்தார். நின்றால் எவ்வளவு போகும் என்று கேட்டார்.

“மூணு கோடிக்கு மேல.”

“அப்ப நிக்கக் கூடாது.”

அன்று பகலுக்குள் ஆற்றில் மீன் பிடிக்கிற நான்கு படகுகளை வாடகைக்குப் பேசினார்கள். மீனவர்களிடம் கூலி பேசியது தலைவர். தீயணைப்பு நிலையத்துக்குப் போய் மிதவைச் சட்டைகளை வாங்கி வந்தது நான். படித்துறையில் நின்றது அக்கா. ஒரு படகுக்கு எத்தனை பேர், யார் முதலில், யார் நடுவில் உட்கார வேண்டும் என்று அவர் போட்ட சத்தத்தில் ஆற்றின் சத்தம் அடங்கிப்போனது. பிள்ளைகள் முதலில் பயந்தார்கள், பிறகு இதற்காகவே சீக்கிரம் வர ஆரம்பித்தார்கள். புது விசிறி வரும் வரைக்கும் காலையும் மாலையும் அவர் அங்கேதான் இருந்தார். நடுவில் மழையில் நனைந்து இரண்டு நாள் தொண்டை கட்டிக்கொண்டது. அக்கா கிசுகிசுவென்று பேசி நான் கேட்டது அந்த இரண்டு நாள்தான்.

புது விசிறி பொருத்திப் படகு ஓடத் தொடங்கிய பிறகு அமைச்சகத்திலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். மானியம் வாங்கிய ஊர்களையெல்லாம் சுற்றிக்கொண்டு வந்த அந்த அதிகாரி, நரைத்த முடியை இழுத்துக் கட்டிய, சலித்துப்போன முகத்துப் பெண்மணி. போன இடமெல்லாம் படகு துருப்பிடித்துக் கிடந்ததாம், பேருந்து கல்யாண வாடகைக்கு ஓடியதாம். எங்கள் படகின் எஞ்சின் பதிவைப் பார்த்தார். வாரக்கணக்கில் ஓடவில்லை என்று இருந்தது. சேவை நின்றிருக்கிறது, மீதிப் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியதுதான் என்று சொல்லிக் கோப்பை மூடப்போனார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“மேடம், உத்தரவுல இந்தப் படகேதான் ஓடணும்னு இல்ல,” என்றார் அக்கா. “சேவை நடக்கணும்னுதான் இருக்கு. நடந்துச்சா இல்லையான்னு எங்களைக் கேட்க வேண்டாம். வாங்க, அக்கரைக்குப் போய்க் கேளுங்க.”

அதிகாரி கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்தார். எல்லோரும் படகேறினோம். அக்கரையில் இறங்கினால், பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு, மீன் படகில் போனதுதான் நன்றாக இருந்தது, அதையே ஏன் நிறுத்தினீர்கள் என்று அக்காவிடம் சண்டைக்கு வந்தார்கள். அதிகாரியின் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. பக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தையல்காரரிடம் போனார். சிறுநீரகம் கெட்டு, வாரம் இரண்டு தடவை மருத்துவமனையில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிறவர். படகு உடைந்த சமயம் எப்படிப் போனீர்கள் என்று அதிகாரி அவரிடம் கேட்டார்.

“எப்பவும் போலத்தாம்மா. இவங்கதான் கையைப் பிடிச்சு இறக்கி விட்டாங்க,” என்றார் தையல்காரர். “ஒரு தடவை விட்டிருந்தாக்கூட இப்ப உங்ககிட்ட உக்காந்து பேசிக்கிட்டிருக்க மாட்டேன்.”

அதிகாரி வேறு யாரையும் கேட்கவில்லை. திரும்பும்போது படகில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். மற்ற ஊர்களில் இந்தப் பணத்தைக் கடனாக எழுதியதே இல்லை, அதனால்தான் யாருக்கும் பதைக்கவில்லை என்று அவர் சொன்னது காற்றில் எனக்கும் கேட்டது. கரை சேர்வதற்குள், நிபந்தனை நிறைவேறியது என்று கோப்பில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

ஆண்டறிக்கைக் கூட்டத்துக்கு அந்த வருடம் மன்ற அறை கொள்ளவில்லை. அக்கரையிலிருந்து படகு நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். கணவர் கடையைப் பூட்டிவிட்டு வந்து பின்சுவரில் சாய்ந்து நின்றார். தலைவர் எழுந்து தணிக்கை அறிக்கையை வாசித்தார். ‘கீழ்க்கண்ட குறைகளைத் தவிர’ என்ற வரி வரவில்லை. கணக்கு உள்ளபடி சரியாக இருக்கிறது என்று ஒரே பத்தியில் அறிக்கை முடிந்துவிட்டது. அடுத்த பக்கம் இருக்கிறதா என்று அவர் தாளைத் திருப்பிக்கூடப் பார்த்தார். பிறகு குரலை உயர்த்தி, “இந்த வருஷம் நகராட்சியின் பற்றாக்குறை இருபது லட்சம்” என்று, மகன் முதல் வகுப்பில் தேறியதைச் சொல்வது போலச் சொன்னார். ஊரே கைதட்டியது. பற்றாக்குறைக்குக் கைதட்டல் கிடைத்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அக்கா எழுந்து நின்று நாலாபக்கமும் திரும்பி எல்லாக் கைதட்டலையும் வாங்கிக்கொண்டார். ஒப்புக்குக்கூட ‘அதெல்லாம் வேண்டாம்’ என்று சொல்லவில்லை. பின்சுவரில் சாய்ந்திருந்தவர் மட்டும் கைதட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சில மாதம் கழித்து இரண்டாவது படகுக்கு மானியம் தருவதாக அமைச்சகம் கடிதம் அனுப்பியது. தலைவர் பேனாவைத் திறந்துவிட்டார். அக்கா கடிதத்தை அவர் கைக்கு அடியிலிருந்து உருவிக்கொண்டார். சேவை ஒரு நாள் நின்றாலும் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும் என்று இந்த முறை எழுதியிருந்தது. இதில் கையெழுத்துப் போட்டால் பத்தாவது வருடத்தின் கடைசி நாள் வரைக்கும் ஒரு காசுகூட நம்முடையது இல்லை என்றார் அக்கா. கிடைப்பதையும் கெடுத்துவிடாதீர்கள் என்று உறுப்பினர்கள் கெஞ்சினார்கள். தலைவர் பேனாவை மூடிப் பையில் வைத்தார். அந்த அம்மா சொல்கிறபடி செய்யுங்கள் என்றார்.

அக்கா தலைநகருக்குப் பேருந்தில் போனார். போகிற வழியெல்லாம் நடத்துநருக்குச் சில்லறை கொடுக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்ததாகக் கேள்வி. அதே நரைமுடி அதிகாரியின் எதிரே உட்கார்ந்து, மீதி வருடங்களுக்கான பங்கைத்தான் திருப்ப வேண்டும், பழுது நேரத்தில் மாற்றுப் படகு விட்டால் அதுவும் சேவைதான் என்று இரண்டு வரிகளை மாற்றி எழுத வைத்துத் திரும்பினார். நாங்கள் நிலையத்துக்கே போய்க் காத்திருந்தோம். வண்டி நிற்பதற்கு முன்பே சன்னலில் அவர் கை தெரிந்தது. கையில் கடிதம். குரல் அதற்கு முன்பே வந்துவிட்டது.

இரண்டாவது படகு முதன்முதலாக அக்கரைக்குப் போன அன்று வெயில் நன்றாக அடித்தது. பச்சைக் கூரை. தலைவர், உறுப்பினர்கள், மீனவர்கள், தையல்காரர் என்று ஏறக்கூடிய அத்தனை பேரும் ஏறினோம். கணவர் ஆற்றைக் கடந்ததே அதுதான் முதல் தடவையாம். தண்ணீரென்றால் அவருக்குப் பயம். அக்கா அவர் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு, எதிரே இருந்தவர்களுக்கு இந்தப் படகின் பத்து வருடக் கணக்கை விளக்க ஆரம்பித்தார். எஞ்சின் சத்தத்துக்கு மேலே ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. அக்கரையில் பிள்ளைகள் நீரோரமாக ஓடி வந்துகொண்டிருந்தார்கள். படகு தட்டி நின்றதும் பலகை போடும் வரைக்கும்கூடப் பொறுக்காமல் முதலில் குதித்து இறங்கியது அக்காதான்.